சுவரோரம் தள்ளிய மெஷின்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஆட்டோவை விட்டு இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறது, அதனால் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவளோ முன் அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க என் மெஷின்கள். பின்னால் இருக்கும் தன் அறைக்குப் போக அவள் உடம்பை ஒருக்களித்து நடக்க வேண்டும்.

"டேய், என்ன மட்டும் ரோட்டுல போட்டுராத," என்றாள்.

என் மனைவி அதட்டினாள். "இன்னா அத்த பேச்சு இது? இப்பத்தான் வூட்டுக்கு வர்றீங்க."

"வர்றதப் பத்தி சொல்லல. போறதப் பத்தி சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அம்மா ஒருக்களித்து உள்ளே போனாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும். அப்பா போனதைத்தான்.

நீலசந்திராவில் எங்கள் தெருவில் இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் காலை ஊன்றி நிற்க வேண்டும். வீடும் தெருவுக்கு ஏற்ற வீடுதான். முன் அறை, அதன் பின்னால் அம்மாவின் சின்ன அறை, அடுப்படி. மாடியில் தகரம் போட்ட அறையில் நானும் மனைவியும். முன் அறை ஒரு காலத்தில் ஹாலாக இருந்தது. மரவேலைக்குத் தனியாக இடம் எடுக்க வழியில்லாமல் அப்பாவும் நானும் அதைப் பட்டறை ஆக்கினோம். பலகை அறுக்கும் மெஷின், இழைக்கும் மெஷின், பட்டை ரம்பம் சுற்றும், ஆள் உயரத்துக்கு நிற்கும் பேண்ட்சா என்று மூன்று. மூன்றும் வார்ப்பிரும்பு. ஓடும்போது ஆடினால் வெட்டு கோணிப்போகும் என்பதால் தரையைக் குடைந்து போல்ட் இறக்கி முடுக்கினோம். அம்மா டிவியைத் தூக்கித் தன் அறையில் வைத்துக்கொண்டாள்.

அப்பா மழைக்காலத்தில் இறந்தார். உடம்பை வைக்க வீட்டுக்குள் இடம் இல்லை. தெருவில் தார்ப்பாய் கட்டி, கண்ணாடிப் பெட்டியை அதன் கீழே வைத்தோம். பெட்டிக்கு அடியில் சாக்கடைத் தண்ணீர் ஓடியது. அம்மா ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தண்ணீர் டேங்கர் வந்தது. குழாயில் பல நாளாகத் தண்ணீர் வராத நேரம் அது. தெருவே குடத்தோடு காத்திருந்தது. டேங்கரோடு வந்த ஆள் இறங்கி, கையைக் கூப்பிவிட்டு, "ஸ்வல்ப ஸைட் மாடி அண்ணா," என்று கன்னடத்தில் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னான். நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் படியோரம் வைத்தோம். அம்மா பிடித்த கையை விடாமல் கூடவே நடந்தாள். டேங்கர் போனதும் பெட்டி பழைய இடத்துக்கு வந்தது.

அந்த ஆள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. தண்ணீர் வேண்டும்தானே. என் கோபமெல்லாம் மெஷின்கள் மேல். அவற்றை நகர்த்த முடியாது என்பதால் அப்பாவை நகர்த்தினோம்.

ஆகவே, அம்மா சொன்ன மறுநாளே ஜீவனஹள்ளியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு, மெஷின்களை நகர்த்த வழி கேட்டேன். அவனுக்கு எதிலும் கிண்டல்.

"இன்னா குரு, தேர் இழுக்கப் போறியா?"

"அம்மாவுக்காகப்பா," என்று விஷயத்தைச் சொன்னேன். அவன் அப்பாவின் பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் ஒருவன். தாடியைச் சொறிந்துகொண்டே மெஷின்களைச் சுற்றி வந்தான்.

"சும்னே நாலு சக்கரம் போட்டா ஆயித்து. எல்லாத்தையும் சுவரோரம் தள்ளிக்கலாம்," என்றான்.

சும்மா நாலு சக்கரம் போட்டால் முடியவில்லை. முதலில் பேண்ட்சாவை எடுத்தோம். போல்ட்டுகளைக் கழற்றி, கடப்பாரையால் நெம்பி, கட்டை கொடுத்து, ஒரு பக்கமாகத் தூக்கி, அடியில் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தைச் செருகினோம். நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் மெஷின் மெதுவாகக் கிளம்பியது. எங்கள் தரை பழைய சிவப்புத் தரை. கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வாசலுக்கு ஓடட்டும் என்று சாய்த்துப் போட்டது. அத்தனை வருஷம் அந்தத் தரையில் நின்று வேலை செய்தவன், அந்தச் சாய்வை மறந்துவிட்டேன். இரண்டு பேரும் பாய்ந்து பிடித்தோம். இல்லாவிட்டால் அது தெருவுக்குப் போய்க் கவிழ்ந்திருக்கும்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். நாங்கள் மெஷினைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்தாள்.

"அதுக்கே தெரியுது வெளிய போவணும்னு. நீங்க எதுக்கு மறிக்கறீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை விடாமல் காலால் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சட்டத்தை மறுபடி கட்டினோம். சக்கரங்கள் மெஷினுக்கு அடியில் இருந்ததால்தான் அது உயர்ந்து மேல்பக்கம் கனத்து நின்றது. இப்போது சட்டத்தைத் தரையோடு தாழ்த்தி, சக்கரங்களை வெளிப்பக்கம் மூலைகளில் வைத்தோம். ஒரு மிதிகட்டையும் வைத்தோம். அதை மிதித்தால் மெஷின் எழும்பிச் சக்கரத்தில் நிற்கும். மறுபடி மிதித்தால் ரப்பர் காலில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தபின் முட்டித் தள்ளினாலும் அசையாது. மற்ற இரண்டுக்கும் அப்படியே செய்தோம். பலகை அறுத்துப் பார்த்தேன், வெட்டு நேராக வந்தது. தள்ளுவதும் லேசாகிவிட்டது. என் மனைவி ஒற்றை ஆளாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "கேஸ் சிலிண்டர் உருட்டறதுதான் கஷ்டம்," என்றாள்.

எல்லாம் முடிந்த மத்தியானம் மூன்றையும் சுவரோரம் தள்ளி நிறுத்தினோம். மரத்தூளைப் பெருக்கித் தள்ளியதும் நடுவில் சிவப்புத் தரை தெரிந்தது. போல்ட் கழற்றிய ஓட்டைகளைத் தவிர அப்படியே இருந்தது. அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்தாள். தெற்குச் சுவரிலிருந்து வாசலைப் பார்க்க விரித்தாள். தெற்கே தலை வைத்துப் படுத்தாள். கையை மார்மேல் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கித் தன் கால்களைப் பார்த்தாள்.

"அத்த, எழுந்திருங்க. இன்னா வேல இது," என்று என் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு. காலு வாசலத் தாண்டுதா பாரு."

வெல்டர் நண்பன்தான், எதற்கும் கிண்டல் செய்கிறவன், குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "தாண்டலம்மா. நெறய எடம் இருக்குது."

"அப்ப சரி," என்றாள் அம்மா. அவள் எழுந்திருக்கவில்லை. அந்தத் தரை குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடினாள், நல்ல குறட்டையோடு தூங்கிப்போனாள். நாங்கள் மூவரும் சத்தம் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

அதற்கு மறுநாள் சாயந்திரம் நான் மெஷினை நிறுத்தியதும் அம்மா வந்து நின்றாள். "தள்ளிவிடேன், கொஞ்சம் உக்கார்றேன்," என்றாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாயந்திரமானால் சக்கரம் உருளும் சத்தம், உடனே அம்மா பாயோடு வருவாள். டிவியும் பழைய இடத்துக்கு வந்தது. தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். ஒருத்தி இழைக்கும் மெஷின் மேலேயே வெற்றிலைப் பையை வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். எண்ணெய் போட்டு வைத்த மெஷின் அது. ஒருநாள் கத்தியும்விட்டேன். அம்மா நிதானமாகத் திரும்பி, "இது என் ஹாலு. காலையில வந்து கத்து," என்றாள். அத்தனை வருஷம் அவள் ஹாலைக் கேட்டதே இல்லை. செத்த பிறகு படுக்க ஒரு இடம்தான் கேட்டாள். அந்த இடத்தில் உயிரோடு உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

அவள் கேட்ட அந்தக் காரியம் மட்டும் என் மனதை விட்டுப் போகவே இல்லை. வேலை செய்துகொண்டே நினைப்பேன். அந்த நாள் வந்தால் முதலில் பேண்ட்சாவைத் தள்ள வேண்டும், அப்புறம் இழைக்கும் மெஷின், பலகைகளை மாடிக்கு ஏற்ற வேண்டும், தூளைக் கழுவிவிட வேண்டும். ஒரு தடவைகூடத் தடுமாறக் கூடாது, மழை வந்தாலும் யார் வந்தாலும் அவளை வெளியே விடக் கூடாது என்று இருந்தேன். சக்கரங்களுக்கு எண்ணெய் விட மறந்ததே இல்லை.

ஒருநாள் ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டுக்கு அலமாரி மாட்டப் போயிருந்தேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அம்மா சாப்பிட்டுத் தன் அறையில் படுத்திருந்தாள். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். "போடா, போய்ச் சாப்பிடு," என்றாள். அவ்வளவுதான்.

காலையில் காப்பி கொண்டுபோன மனைவி கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தாள். நெற்றி சில்லிட்டிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. முதலில் பேண்ட்சா என்று சொல்லிக்கொண்டே முன் அறைக்கு ஓடினேன்.

மூன்று மெஷின்களும் சுவரோரம் இருந்தன. தரை பெருக்கியிருந்தது. பாய் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. முந்தின சாயந்திரம் அம்மா உட்காருவதற்காக, நான் இல்லாததால், என் மனைவி எல்லாவற்றையும் தள்ளி வைத்திருந்தாள். எனக்குத் தள்ள ஒன்றும் இல்லை.

பேண்ட்சாவின் காலடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு டேங்கர் ஒன்று நுழைந்தது, குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்று, தண்ணீர் விட்டு, தன் வழியே போயிற்று. நான் எழுந்து பாயை விரித்தேன். அம்மாவைத் தூக்கி வந்து தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தோம். குனிந்து பார்த்தேன். கால் வாசலைத் தாண்டவில்லை.