சின்னையாவின் பதிவில் நான் வெட்டிய மூன்று விநாடி

மைக்செட் சின்னையா இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சுவலி. அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

கீரமங்கலம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று வந்தவர்கள் எல்லோரும் அவர் கட்டிய ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீர்கள். அவர் என் நண்பர் என்று சொன்னால் பொய். எனக்கு அவர் மீது பொறாமை. இப்போதும்தான்.

நான் முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன். ஒலி அலைப் பாடம் என்றால் பக்கத்து கிளாஸ் பிள்ளைகளும் ஜன்னலில் நிற்பார்கள். ரிட்டயர் ஆனதும் நல்ல மைக், ரெக்கார்டர், ஹெட்போன் எல்லாம் வாங்கினேன். ரெக்கார்டிங்தான் பொழுதுபோக்கு.

சின்னையா எட்டாவதோடு நின்றவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முளைப்பாரித் திருவிழா. எங்கள் தெருப் பெண்கள் பாடும் கும்மியைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடலாம் என்றது கமிட்டி. முன்பாட்டுப் பாடுவது என் மனைவி. "நானே எடுத்துத் தர்றேன்" என்று முந்திக்கொண்டேன்.

கும்மி என்பது வட்டம். வட்டத்தின் மையத்திலிருந்து எல்லோரும் ஒரே தூரம். ஆகவே மைக்கை நட்டநடுவில் வைத்தேன். பள்ளிக்கூடக் கணக்கு, தப்பாகுமா?

போட்டுக் கேட்டால்... பட் பட் பட். கும்மியில் எல்லோரும் உள்பக்கம் குனிந்துதானே கை தட்டுவார்கள்! பதினாறு பேர் கையும் மைக் முகத்திலேயே விழுந்திருக்கிறது. பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

கமிட்டிக்காரர்கள் சின்னையாவைக் கூப்பிட்டார்கள்.

வந்தவர் உடனே பையைத் திறக்கவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு இரண்டு சுற்று சும்மா பார்த்தார். பிறகு ஒரே ஒரு பழைய மைக்கை, வட்டத்துக்கு வெளியே, தலைக்கு மேல் வேப்பங்கிளையில் கட்டினார்.

"அக்கா, நீங்க சுத்த வேணாம். இங்கிட்டு, கெளைக்குக் கீழ நின்னு பாடுங்க. மத்தவுக சுத்தட்டும்."

"எடுக்கும்போது சொல்லிருங்க" என்றாள் என் மனைவி.

"சும்மா ட்ரையல்தான்க்கா... பாடுங்க."

பாடினார்கள். ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு, சிரித்துக்கொண்டு. முடித்துவிட்டு "இப்ப நெசமா எடுங்க" என்றாள் இவள். சின்னையா மைக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாச்சுக்கா."

நான் "ரெடி, ஒன், டூ, த்ரீ" என்று சொல்லித்தான் எடுப்பேன். த்ரீ என்றதும் எல்லோர் தொண்டையும் இறுகிப்போகும்.

எது தேவலாம் என்று மனைவியிடம் கேட்டேன். முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்களுது நாங்க கை தட்டுன மாதிரி இருக்கு. அவருது நாங்க பாடுன மாதிரி இருக்கு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி சொல்வது இதுவரை யாரிடமும் சொல்லாதது.

அந்தப் பதிவின் தொடக்கத்தில் சின்னையாவின் குரல் இருந்தது, அந்த ட்ரையல் பேச்சு. "கோயில்ல போடும்போது அசிங்கமா இருக்கும், சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று கமிட்டியிடம் வாங்கி வந்து வெட்டினேன். மூன்று விநாடி.

அசிங்கமெல்லாம் ஒன்றும் இல்லை. என் மனைவி பாட்டுக்கு முன்னால் ஊர் முழுக்க அவர் குரல் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

திருவிழாவன்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கன வெட்டுனீங்கன்னே தெரியல சார். கை நல்லா வந்துருச்சு ஒங்களுக்கு."

தொழில்காரர் ஒருவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது... அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

வெட்டியதை ஏனோ அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தனியாகக் கிடந்தது. செய்தி வந்ததும் எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"சும்மா ட்ரையல்தான்க்கா... பாடுங்க."

"இத இத்தன நாளா எங்கன வச்சிருந்தீங்க?" என்றாள். நான் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

வெட்டினது தெரியவில்லை. ஒட்டினது தெரிகிறது... லேசாக ஒரு 'டிக்'. சின்னையா ஒட்டியிருந்தால் தெரிந்திருக்காது.

அப்படியே கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் இதைத்தான் போடுவார்கள்.

சாயங்காலம் அடக்கம். கிளம்புகிறோம்.

போயிட்டு வாங்க சின்னையா.