மச்சானுக்கு ஏழாவது மாதம்

போன வாரம் பொன்னேரியில், ஒரு சின்ன கிளினிக்கில், என் மச்சான் ஏழு மாத கர்ப்பம் என்று ஒரு கம்ப்யூட்டர் அறிவித்தது.

மச்சானுக்கு வயது ஐம்பத்தெட்டு. பெரிய மீசை வேறு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், தேசிங்கு. பழவேற்காடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி நண்டு பிடிக்கிறவர். கிளினிக் போவதற்கு நாலு நாள் முன் ஒரு நண்டு அவருடைய கட்டைவிரலைக் கொடுக்கால் கவ்விவிட்டது.

"முப்பது வருசமா நான் அத்தப் புடிக்கிறேன் மாப்ள. ஒரு நாள் அது என்னைப் புடிச்சிச்சு. வுடு" என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது விரல் கத்திரிக்காய் சைஸில்... கலரும் அதேதான். பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கிளினிக் கவுன்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். மச்சான் தன் மகள் நம்பரைச் சொன்னார்.

"யாரோட நம்பர் இது?"

"நம்ம மேகலாது. நான் மேகலாவோட நைனா."

அவள் தலையாட்டிக்கொண்டே எதையோ தட்டினாள். உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் இளம் பெண். காயத்தைச் சுத்தம் செய்தார், ஊசி போட்டார். மேஜையில் புது கம்ப்யூட்டர். "இதுல ஏஐ இருக்கு சார். நான் எழுதுற மருந்தை ஒருவாட்டி செக் பண்ணும். மனுஷங்கதானே, மறந்துடுவோம்" என்றார் பெருமையாக. ஆன்டிபயாடிக் பெயரை டைப் செய்தார்.

டொய்ங்! ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு.

"கர்ப்பிணி, ஏழாவது மாதம். இந்த மருந்து குழந்தைக்கு ஆகாது" என்று டாக்டர் தன்னை மறந்து சத்தமாகப் படித்துவிட்டார்.

மச்சான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "இன்னாம்மா சொல்லுது அது? அதுக்குக் கண்ணு தெரியாதா?"

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வரிசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "வளைகாப்பு என்னிக்குப்பா?" என்றார். கிளினிக்கே சிரித்தது. நானும்தான். மச்சான் மட்டும் முறைத்தார்.

டாக்டரும் சிரித்துக்கொண்டே, எச்சரிக்கையை கேன்சல் செய்ய மவுஸை நகர்த்தினார். விரல் பாதியில் நின்றது.

நானாக இருந்தால்? சட்டென்று அமுக்கியிருப்பேன். போனில் எது துள்ளி வந்தாலும் படிக்காமல் 'ஓகே' அமுக்குகிற ஆசாமி நான். நீங்கள் மட்டும் என்னவாம்?

"இது மேகலாவோட ஃபைல்" என்றார் டாக்டர். "இன்னிக்கு ஃபைல் மாறியிருக்குன்னா... முன்னாடியும் மாறியிருக்குமோ?"

மச்சானின் சொந்த ஃபைலைத் திறந்தார். "முந்தாநாள் வந்து பி.பி. மாத்திரை வாங்கினீங்களா?"

"நானா? ஊட்ட வுட்டே வரலியே. மேகலாதான் வந்துச்சு... சத்து மாத்திரை வாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் கூப்பிட, கவுன்டர் பெண் உள்ளே வந்தாள். அன்று மேகலா வந்து, "தேசிங்கு பொண்ணு. போன மாசம் குடுத்த அதே மாத்திரை" என்றிருக்கிறாள். இவள் தேசிங்கு ஃபைலைத் திறந்து, அதே மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். ஃபைலில் இருந்த ஆளுக்கு மாத்திரை சரி. அதனால் கம்ப்யூட்டரும் கம்மென்று இருந்துவிட்டது! சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது.

"அந்த மாத்திரை வயித்துல இருக்கிற குழந்தையோட கிட்னியைப் பாதிக்கும். உடனே போன் போடுங்க" என்றார் டாக்டர். முகம் வெளுத்திருந்தது.

போட்டேன். மணி அடிக்கிறது... அடிக்கிறது... எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேகலா, முந்தாநாள் வாங்கியாந்த மாத்திரைய முழுங்கினியா?" மச்சான் போன்மேல் குனிந்து கேட்டார்.

"முழுங்கினேனே நைனா."

மச்சான் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் போனை வாங்கினார். "எத்தினி முழுங்கினேம்மா? நிஜத்தைச் சொல்லு. திட்ட மாட்டேன்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியமாக, "அம்மா பக்கத்துல இல்ல... ஒண்ணுகூட முழுங்கல டாக்டர். சத்து மாத்திரை துன்னா குமட்டுது. பவுடர் டப்பால போட்டு வெச்சிருக்கேன்."

டாக்டர் நம்பவில்லை. வீடியோ கால் போடச் சொன்னார். மேகலா டப்பாவைக் கொட்டினாள். பவுடருக்கு நடுவே இரண்டு மாத்திரை. அட்டையில் மிச்சம் எட்டு. கொடுத்தது பத்து. டாக்டர் இரண்டு தரம் எண்ணினார். மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

டாக்டர் எழுந்து நின்று மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். இனி கவுன்டரில் அவரவர் பெயரையும் வயதையும் அவரவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள், இந்தக் கதையில் நைனா மகளைச் சொன்னார், மகள் நைனாவைச் சொன்னாள். சொந்தப் பெயரை யாராவது சொன்னார்களா? ஏஐ பாவம், என்ன செய்யும்?

சரியான ஃபைலில் அதே ஆன்டிபயாடிக்கை டைப் செய்தபோது கம்ப்யூட்டர் மூச்சுவிடவில்லை.

மேகலா இன்னும் லைனில்தான் இருந்தாள்; நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சத்து மாத்திரையை நைனாகிட்ட குடுத்தனுப்புறேன். அதை ஒழுங்கா முழுங்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"இத்த முழுங்காததாலதானே டாக்டர் கொழந்தை தப்பிச்சிச்சு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதுவும் வாயைத் திறக்கவில்லை!