தலை தட்டாத ஸ்பூன்

எங்கள் வீட்டில் எதையும் தலை தட்டி அளந்ததில்லை. படி அரிசியானாலும் சரி, காபிக்குச் சர்க்கரையானாலும் சரி, குவித்துத்தான் போடுவோம். வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு கை அரிசி என்றால் விரலிடுக்கில் வழிய வேண்டும். விளிம்போடு வழித்து அளக்கிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனசு சுருங்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குணத்தாலும், அதைவிட மோசமான இன்னொரு குணத்தாலும், ஒரு நல்ல மனுஷி எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது.

எழுபதுகளின் நடுவில், செங்கம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் குடியிருந்தோம். பின்கட்டில் ஓடு வேய்ந்த தனி அறை ஒன்று. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம். அப்படி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அறுபது வயது இருக்கும். தமிழை என்னிடமும் கீரைக்காரியிடமும் கற்றுக்கொண்டதால், பேச்சில் மரியாதையும் சண்டையும் சேர்ந்தே வரும். என் வீட்டுக்காரர் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. காலையில் பேப்பர், சாயங்காலம் ரேடியோ, நடுவில் ஆபீஸ். எனக்குக் குழந்தை இல்லை. பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை பின்கட்டில்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு வயிறு சரியில்லை. இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் ரொட்டிக்கடை ஈஸ்டும் சேர்த்து ஜாடியில் ஒரு பானம் புளிக்க வைப்பார். அதற்கு அவர் சொன்ன பெயர் ஜிஞ்சர் பீர். பெயரில் மட்டும்தான் பீர், போதை பேருக்குக்கூட இருக்காது என்பார். மதுவிலக்கு திரும்ப வந்திருந்த நேரம். அதனால் என் வீட்டுக்காரரிடம் நான் இஞ்சித் தண்ணி என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அவர் அதைச் செய்கிற விதத்தைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் கெட்டது. கனமான பாட்டில்களை மட்டும் எடுப்பார். வாய்ப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கீறல் தட்டினாலும் குப்பையில் போட்டுவிடுவார். ஜாடியில் நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து பாட்டிலில் ஊற்றுவார். ஒவ்வொன்றிலும் காஸ் ஏறுவதற்காக ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனில் எடுத்து, கத்தியின் முதுகால் மேலே ஒரு இழுப்பு. குவிந்தது அத்தனையும் டப்பாவிலேயே விழும். பிறகு தக்கை, தக்கைக்கு மேல் சணல் கட்டு. கட்டிலோரம் ஒரு பெட்டியில் அடுக்கி ஈரச்சாக்கு போர்த்தி, தினம் ஒன்றைத் திறந்து பார்ப்பார். சீறல் ஜாஸ்தியாக இருந்தால் எல்லாத் தக்கையையும் தளர்த்திக் காற்றை விட்டுவிடுவார்.

அந்தக் கத்தி இழுப்பைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை நல்ல மனுஷிக்குச் சர்க்கரையில் என்ன இத்தனை கஞ்சத்தனம் என்று நினைப்பேன்.

ஒரு சித்திரையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஜாடி தயாராக இருந்தது. "நீயே பாட்டில்ல ஊத்திடு. ஒரு ஸ்பூன், ஞாபகம் இருக்கா?" என்றார். ஞாபகம் இருந்தது. ஆனால் கட்டிலில் வதங்கிக் கிடக்கிறவருக்குக் கொடுக்கப்போகிற பானத்தில் தலை தட்டிப் போட என் கை வரவில்லை. பன்னிரண்டு பாட்டிலுக்கும் பன்னிரண்டு கோபுரம் வைத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. தினம் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது கஞ்சி வைக்கிற அவசரத்தில் மறந்தே போனது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நடுப்பகலில் அவரைக் கைத்தாங்கலாகக் கூடத்துக்கு அழைத்துவந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் வேட்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பினார்.

"கட்டில்ல, தலகாணியில ரெண்டு கண்ணாடி குத்திக்கினு நிக்குது" என்றார்.

கரண்டி என் கையிலிருந்து நழுவியது. பத்து நிமிஷம் முன்னால் அந்தத் தலையணையில்தான் அவர் தலை இருந்தது.

தெருமுனையில் கோலி சோடா போடுகிற பாயை அழைத்துவந்தோம். அவர் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "யாரும் உள்ள போவாதீங்க. இன்னும் பத்து பாட்டில் இருக்குது. சூட்டுல தொட்டா கையோட போவும்" என்றார். சோடா மிஷினுக்கு முன்னால் போட்டுக்கொள்கிற கம்பி வலையை முகத்தில் மாட்டி, கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நனைத்த சாக்குகளைப் பெட்டிமேல் மெதுவாகப் போர்த்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் தாழும்வரை அசையவில்லை. பிறகு ஒவ்வொரு பாட்டிலாக ஈரச்சாக்கில் சுற்றி, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சாக்கோடு தக்கையை அழுத்திப் பிடித்தபடி சணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார். ஒவ்வொன்றும் புஸ்ஸென்று நெடுநேரம் சீறிக்கொண்டே இருந்தது. "இதை வெட்டக் கூடாது தங்கச்சி, அவுக்கணும். வெட்டினா தக்கை குண்டு மாதிரி போவும்" என்றார்.

பத்தும் அடங்கியதும் கூடத்துக்கு வந்து கேட்டார். "சர்க்கரை எவ்ளோ போட்டீங்க?"

போர்வைக்குள்ளிருந்து அந்த அம்மா, "ஒரு பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்" என்றார்.

"ஒரு ஸ்பூனுக்கு இவ்ளோ காஸ் ஏறாதே." பாய் என் பக்கம் திரும்பினார். "ஒரு ஸ்பூன்தானா தங்கச்சி?"

"ஒரு ஸ்பூன்தான் பாய்" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள கேவலம்.

அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தப்பு என்னுது. காய்ச்சல்ல அளவைத் தப்பா சொல்லிட்டேன் போல" என்றார்.

பாய் போனபின் என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். பீர் என்ற பேர் அவர் காதில் விழுந்திருந்தது. ஆனால் நான் பயந்ததுபோல் அதை அவர் பெரிதாக்கவில்லை. "பேரு இன்னாவோ இருந்துட்டுப் போவுது. அளவு தெரியாத ஆளை வச்சிக்கினு வீட்ல எப்படித் தூங்கறது? இன்னிக்கு தலகாணி, நாளைக்கு நம்ம தலை. வேற ரூம் பாத்துக்கச் சொல்லு."

அளவு தெரியாத ஆள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாதே! திட்டியிருப்பார், அவ்வளவுதான், அந்த அம்மா அங்கேயே இருந்திருப்பார். வாயைத் திறந்தேன். தலையணையில் நின்ற கண்ணாடி கண்ணுக்குள் வந்தது. அதை நான் வைத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த அம்மா உடம்பு தேறியதும் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார். போகும்போது என் கையைப் பிடித்து, "உன்னைப் பயமுறுத்திட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் கடைத்தெருவில் அவரைத் தூரத்தில் பார்த்தால் வேறு சந்தில் நுழைந்துவிடுவேன். இப்படியே ஏழு வருஷம் ஓடியது. மதுவிலக்கும் போய், நிஜ பீரே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையில் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோகும் சமயம், சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று ஒரு காலை நேரம் அவர் அறைக்குப் போனேன்.

நன்றாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். சத்தமே இல்லை. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

"இப்பல்லாம் அரை ஸ்பூன்தான். அதுலயும் கொஞ்சம் கம்மி பண்ணிடுவேன்" என்றார். "ருசி இல்லைதான். ஆனா வெடிக்காது."

ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போன கஷாயம்போல் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கோபுரமாகப் போட்டதையும், பாய் கேட்டபோது வாய் கூசாமல் பதில் சொன்னதையும், வீட்டுக்காரரிடம் மூடி மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன்.

"ஏழு வருஷம்!" என்றார். குரல் உயர்ந்தது. "ஏழு வருஷமா இந்த செத்த தண்ணியைக் குடிக்கறேன்!"

எங்கள் வீட்டு அறையைக் காலி பண்ண வைத்ததற்குத் திட்டுவார் என்று தலைகுனிந்து காத்திருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபமெல்லாம் வடிந்த குரலில் சொன்னார்.

"எங்க அம்மாவுக்கு, அப்ப எனக்கிருந்த வயசுலதான் புத்தி தடுமாறிச்சு. எனக்கும் ஆரம்பிச்சிடுச்சுன்னு அன்னிக்கு நெனச்சேன். அதுலேருந்து என்னை நானே நம்பறதில்ல. மாத்திரையைக்கூட மூணு தடவை எண்ணறேன். கதவைப் பூட்டிட்டு, பூட்டலையோன்னு பாதி வழியில திரும்பி வரேன்."

எனக்கு அழுகை நின்றுபோனது. இதற்கு அழுவதுகூட அதிகப்படி என்று தோன்றியது.

அவர் எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தார். ஒரு ஸ்பூன் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே இழுத்தார். சமமாக நின்ற ஸ்பூனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுதானே ஒரு ஸ்பூன்?"

"ஆமாம்மா, இதுதான்" என்றேன். "அன்னிக்கும் நீங்க சரியாத்தான் சொன்னீங்க."