ஆளுநருக்குக் குதிரை

ஆளுநர் டூரே ஃபால்ஸ்டன் செத்தபோது தேவாலயச் சுவரில் அவருடைய கேடயத்தை மாட்டினார்கள். பாதிரியார் அவரை ஆண்டவரின் வாள் என்று புகழ்ந்தார். பதினெட்டு வருஷம் அவருக்கு எழுத்தராக இருந்த எஸ்கில் நான். அந்த வாள் யாரை வெட்டியது என்று எனக்குத் தெரியாதா?

டூரே மரப்பட்டை மாவு கலந்த ரொட்டி தின்று வளர்ந்த குடியானவன் மகன். பதினாறு வயதில் ஸ்வீடன் படையோடு ஜெர்மனிக்குப் போனார். துணிச்சல்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். வெறும் சிப்பாயாகப் போனவர் குதிரைப்படைத் தளபதியாகத் திரும்பினார். அரசவை பிரபுப் பட்டமும் கொடுத்து, எங்கள் காட்டு மாகாணத்துக்கு ஆளுநராகவும் ஆக்கியது. அதோடு பிறந்த வீட்டை மறந்தார்.

ஆளுநர் பயணம் போனால் வழியிலுள்ள பண்ணைகள் முறைவைத்துக் குதிரை தர வேண்டும். குதிரைக்குச் சொந்தக்காரரும் கூடவே போய், அடுத்த விடுதியில் அதை அவிழ்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த ஏப்ரலில் முறை மாலினுடையது. புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. அது இல்லாவிட்டால் உழவில்லை. உழவில்லாவிட்டால் பண்ணையும் தங்காது.

வைக்கோல் தீர்ந்துபோன மாதம் அது. குதிரைகள் எலும்பும் தோலுமாக நிற்கும். பனி உருகிய சேற்றில் அவற்றை நடக்கத்தான் விடுவோம். இது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். டூரேவுக்குத் தெரியாதா என்ன?

“மெதுவா ஓட்டச் சொல்லுங்க தொரே. முந்தாநாளுதான் நாலு பேரு சேந்து இதத் தூக்கி நிறுத்தினோம்” என்றாள் மாலின், வண்டியோடு ஓடிக்கொண்டே.

“இது நடக்குற நடைக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அறுப்பே வந்துரும். சாட்டைய எடுப்பா” என்றார் வண்டிக்காரனிடம்.

விடுதிக்கு முந்தைய மேட்டில் குதிரை முழங்கால் மடிந்து விழுந்தது. பிறகு எழவேயில்லை. மாலின் அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“போருல நான் ஏறின பதினாலு குதிரை செத்துருக்கு. ஒண்ணுக்காவது அழுதேனா?” என்றார் டூரே.

“அதுல எது தொரே உங்க குதிரை?”

அவர் இறங்கி விடுதிக்கு நடந்தார்.

மாலின் வழக்குமன்றத்துக்குப் போனாள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் குடியானவர்கள். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். “கெழட்டுக் குதிர, தானா செத்துது” என்றான் மூத்தவன். அந்தக் குதிரைக்கு ஒன்பது வயதுதான். அவர்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை கிடையாது. கண்ணால் பார்த்த நான் வாயைத் திறக்கவில்லையே.

அந்த வருஷம் அவள் வயலை மண்வெட்டியால் கொத்தினாள். கால்வாசி நிலம்கூட ஆகவில்லை. இலையுதிர் காலத்தில் ஆளுநர் மறுபடி அந்தப் பக்கம் வந்தார். முறை மறுபடி மாலினுக்கு வந்திருந்தது. செத்த குதிரையின் கழுத்துப்பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்து, வண்டியின் ஏர்க்கால்களுக்கு நடுவே நின்றாள்.

“என்னம்மா கூத்து இது?”

“பண்ணை முறை தொரே. எங்க வீட்டுல இழுக்குறதுக்கு இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன்.”

விடுதிக்காரன் சிரிக்க வாயெடுத்து மூடிக்கொண்டான். டூரேவின் முகம் சிவந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், மடையன் நான்.

“எஸ்கில், எழுதிக்க. முறைக்குக் குதிரை கொண்டு வரல. பண்ணையப் பறிமுதல் பண்ணியாச்சு.”

எழுதினேன். இந்தக் கை விளங்காமல் போக, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.