பின்சீட்டைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் வண்டியின் பின்சீட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் அப்போதுதான் காலடிப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வந்து நின்றேன். காலில் செருப்பைக்கூட விடவில்லை. வாசலில் குந்தியிருந்தவர் தலையைத் தூக்காமலே சீட்டை நீட்டினார்.

"இத்த உள்ள வெச்சிடுமே. தூசி படாம துணி போட்டு மூடு."

ஒரு கையில் சங்கரா மீன், இன்னொரு கையில் என் சீட்டு. சீட்டு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு இரும்புத் தகடு உட்கார்ந்திருந்தது. பையை வைத்துக் கட்டுவதற்காக அதில் வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தார்கள்.

"அப்ப நான் எங்கய்யா ஒக்கார்றது?"

"இந்த தபா பின்னாடி ஆளு கிடையாதுமே. பைக் குரூப்புல ரூல் போட்டுட்டாங்க. லாங் ரைடு, ரிஸ்க்கு. யாரும் யாரையும் ஏத்தக்கூடாதுன்ட்டாங்க."

பொங்கல் முடிந்து கிளம்பி, மேற்குக் கடலோரமாகவே மேலே போய், குஜராத்தில் கட்ச் வெள்ளை உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வருவது என்று ஆறு மாதமாகப் பேச்சு. பதினாறு நாள். நானும் வருவதாகத்தான் அதுவரை என் நினைப்பு. நம் அத்திப்பட்டு உப்பளத்தில் இல்லாத உப்பா, அதைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று கிண்டல் செய்துகொண்டே அந்த ஊர்ப் படங்களை ஃபோனில் தேடித் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். எனக்குக் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை. உள்ளே வரும் ட்ரெய்லர் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். குஜராத், ராஜஸ்தான், நாகாலாந்து என்று எல்லா மாநில நம்பரும் தினமும் என் கண்ணெதிரே வந்து நிற்கும். நான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்லை. மேனேஜரிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டி அந்தப் பதினாறு நாளுக்கு லீவும் வாங்கியிருந்தேன். இப்போது ரூல் என்கிறார்.

மீனைக் கொண்டுபோய் ஸிங்க்கில் போட்டேன். சீட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். துணியெல்லாம் போடவில்லை.

எதிர்வீட்டு அக்கா அந்த வண்டியை என் சக்களத்தி என்பாள். அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்கு வண்டி மேல் ஒருநாளும் பொறாமை வந்ததில்லை, ஏனென்றால் அது பாதி என்னுடைய வண்டி. பழவேற்காடு, காளஹஸ்தி, பாண்டிச்சேரி, ஏலகிரி எல்லாம் அதில்தான் போனோம். அவர் ஓட்டினார் என்றால் பின்னால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ட்ரெய்லர் எப்போது எந்தப் பக்கம் வந்து அணைக்கும் என்று சொல்லவே முடியாது. வலது பக்கம் வந்தால் அவர் வலது தோளில் ஒரு தட்டு. இடது பக்கம் என்றால் இடது தோளில். இரண்டு தட்டு என்றால் ஓரம் கட்டு. ஆந்திராவுக்குள் நுழைந்துவிட்டால் டீக்கடையில் வழி கேட்பது நான்தான், எனக்குத் தெலுங்கு வரும். தண்ணீர் பாட்டில், ரெயின்கோட்டு எல்லாம் என் மடியில். அவருக்குக் கண் சொக்கினால் காதுக்குள் கத்திப் பேசிக்கொண்டே வருவேன். இவ்வளவு வேலை எனக்கு அந்த வண்டியில்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த வண்டிக்கு வந்து சேர்ந்த சாமான்கள் மேல்தான்.

முதலில் ஹேண்டில்பாரில் ஃபோன் ஹோல்டர் வந்தது. வழியை அது சொல்லிற்று. காளஹஸ்தி போகும்போது ஒரு கிளைச் சாலையில் நான் யாரையோ கேட்க வாயெடுத்தேன். அவர் ஃபோனைக் காட்டி, "தோ, இதுலயே கீதே," என்றார். அப்புறம் அகலமான கண்ணாடிகள் இரண்டு, பின்னால் வரும் ட்ரெய்லரின் நம்பர் பிளேட்டே தெரிகிற மாதிரி. நான் தட்டுவதற்குள் அவர் ஒதுங்கிவிடுவார். ஆனாலும் தட்டினேன். தெரிஞ்சுபோச்சு என்பதற்கு ஒரு தலையாட்டல் கிடைக்கும். அதற்கப்புறம் ஹெல்மெட்டுக்குள் மைக். குரூப்பில் இருக்கிறவர்கள் ஓட்டிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாமாம். நான் பின்னால் காதருகில் கத்தினால், "இரு மே, லைன்ல கீறாங்க," என்பார். என்னை முதுகில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார் மனுஷன். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

பக்கவாட்டுப் பெட்டிகளை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதற்கான கம்பியைச் செய்யக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, என் முட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். "அக்காவுக்குக் கால் இடிக்கக்கூடாது, நாலு விரக்கட கேப்பு விட்டுக்கலாம்," என்றார். என் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைச் சேர்த்து அளந்த பிறகு என்ன பயம் என்று நான் மறுநாளே லீவு லெட்டர் கொடுத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

குரூப்பில் ஒரு பெண் இருந்தாள். ராயபுரத்துக்காரி, ரயில்வேயில் வேலை, வண்டி சொந்த வண்டி. ஃபோட்டோக்களில் அவள் கையுறையோடு ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவளைப் பற்றித் தப்பாக ஒன்றும் நினைத்ததில்லை, சத்தியமாக. அவளை யாரும் சீட்டோடு கழற்றி வைக்க முடியாது, அதுதான் என் எரிச்சல்.

ரூல் என்றால் ரூல், என்ன செய்ய. லீவை ரத்து செய்தேன். மேனேஜர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்குப் புளிசாதப் பொடியும் பருப்புப் பொடியும் செய்து கொடுத்தேன். கிளம்புகிற அன்று காலை ராயபுரம் மாதா கோயில் முன்னால் எல்லா வண்டியும் சேருவதாக ஏற்பாடு. ஃபாதர் வந்து வண்டிகளுக்கு ஜெபம் செய்து தீர்த்தம் தெளிப்பார், அந்தப் பெண் ஏற்பாடு செய்திருந்தாள். நாங்கள் வேற சாமி கும்பிடுகிறவர்கள், அதனால் நான் என் பங்குக்கு நாலு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். வண்டியில்தான் எனக்கு இடமில்லையே.

இறங்கினதுமே பார்த்தேன். ஆறு வண்டி நின்றன. அதில் ஒன்றின் பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளை, முட்டிக்குக் கவசம், புது ஜாக்கெட்டு எல்லாம் போட்டுக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். முன்னால் அவள் புருஷன்.

நான் பார்த்துக்கொண்டே நிற்க, ராயபுரத்துப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் வூட்டுக்காரம்மாதான நீங்க? முதுகு இப்ப எப்டிக்கா கீது?"

"எந்த முதுகு?"

"டிஸ்க்குல பிராப்ளம், டாக்டரு வண்டில ஒக்காரவே கூடாதுன்ட்டாருன்னு அண்ணன் சொன்னாரு. நாங்கதான் அக்காவையும் இட்னு வாங்கண்ணான்னு எவ்ளோ தபா சொன்னோம். நான் ஒருத்திதான் பொம்பள, துணைக்கு ஆளு இருக்கும்னு பாத்தேன். நல்லவேள, இவங்களாவது வந்தாங்க."

எனக்கு எந்த டிஸ்க்கும் இல்லை, எந்த டாக்டரும் இல்லை. குரூப்பில் எந்த ரூலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவராகவே என் சீட்டைக் கழற்றியிருக்கிறார். என்னிடம் ஒரு கப்ஸா, இவர்களிடம் ஒரு கப்ஸா. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவர் ஹெல்மெட்டின் மேலேயே வீசலாமா என்று வந்தது. அவர் தள்ளி நின்று பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட், ஒன்றும் விழுந்திருக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன். "கொஞ்சம் கொறஞ்சிகீதும்மா," என்றேன். அத்தனை பேர் முன்னால் புருஷன் வேண்டாம் என்று ஒதுக்கிய பொம்பளையாக நிற்பதைவிட நோயாளியாக நிற்பது மேல் என்று பட்டது. ஃபாதர் தெளித்துவிட்டுப் போனதும் டயருக்கு அடியில் பழத்தை வைத்தேன். எல்லாம் நசுங்கின. அவர் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்தப் பதினாறு நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "நீ போலயா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அதே முதுகைச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா ஒரு தைலம் கொண்டுவந்தாள். ஆபீஸில் ஒரு பெண் நாற்காலிக்கு மெத்தை வைத்தாள், இன்னொருத்தி புத்தூர்ப் பக்கம் கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். அவர்கள் முன்னால் குனிந்து குனிந்து நடந்து பத்தாம் நாள் நிஜமாகவே வலி வந்துவிட்டது. தைலத்தைப் பூசிக்கொண்டு படுத்து ஃபோனைப் பார்ப்பேன்.

பார்க்காமல் இருக்க முடிந்ததா? இல்லை. வாழைப்பழம் தின்றவள் கிளம்பும்போது என் நம்பரை வாங்கியிருந்தாள், தினமும் ஸ்டேட்டஸ் போட்டாள். கோவாவில் தேங்காய்த் தண்ணீர். ஏதோ பாலத்தின் மேல் புருஷன் தோளில் கையைப் போட்டு நிற்கிறாள். கடைசியில் அந்த வெள்ளை உப்பு, கண்ணுக்கெட்டியவரை உப்பு, நடுவில் சிவப்புத் துப்பட்டாவை விரித்துக்கொண்டு அவள். அந்தத் துப்பட்டா காற்றில் பறப்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் அவள் வண்டி பஞ்சராகட்டும் என்று மனசாரக் கேட்டுக்கொண்டேன். அவர் தினம் ஃபோன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. ஃபோனில் கேட்டால் டவர் இல்லை என்று டபாய்த்துவிடுவார், நேரில் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும் என்று வைத்திருந்தேன்.

வந்தார். மூக்கு கறுத்து, உதடு வெடித்து, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு அதைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, நான் சொல்லாமலே, அந்தத் தகட்டைக் கழற்றினார். கட்டிலுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்துத் துடைத்து மாட்டினார்.

"வாமே, பீச் ரோட்ல ஒரு ரவுண்டு போய்னு வரலாம்."

"எனக்கு முதுகு வலிக்குதே. டிஸ்க்குல பிராப்ளம். டாக்டரு ஒக்காரக்கூடாதுன்ட்டாரு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"நீ கெளம்பின அன்னிக்கே."

"அங்கியே கேட்ருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா இட்னு போயிருப்பியா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். என்னால் உனக்கு என்ன பேஜாரு, பாரமாக இருந்தேனா, அசிங்கமாக இருந்தேனா, சொல்லு என்றேன். திட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் துறைமுகத்தில் க்ரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவர். இந்த மனுஷனுக்கு இன்னும் என்ன தனிமை வேண்டியிருக்கிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"மேல தனியாத்தான் கீறேன்," என்றார். "ஆனா கீழ ஒருத்தன் வாக்கிடாக்கில லெப்ட்டு, ரைட்டு, எறக்கு, நிறுத்துன்னு சொல்லிகினே இருப்பான். பதினாலு வருசமா காதுல அதான். வண்டில ஏறினா நீ தட்டிகினே வருவ. தப்புன்னு சொல்லலமே. யாரும் ஒண்ணியும் சொல்லாம, நானே பாத்து, நானே ஓட்டணும்னு ஒரு ஆச. அந்த ஹெல்மெட்டு மைக்கக்கூட ரெண்டாம் நாளே ஆஃப் பண்ணிட்டேன். உங்கிட்ட இத்த எப்டி சொல்றதுன்னு தெரியல."

எனக்குக் கோபம் இறங்கியதா என்றால், இல்லை. அது வேறெங்கோ திரும்பிற்று. இப்படி ஒரு ஆசை இவருக்கு வந்திருக்கிறது, எனக்கு இதுவரை வந்ததே இல்லையே என்று தோன்றியது. யாரும் இல்லாமல் எங்காவது போகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் போக நினைத்த ஒவ்வோர் ஊருக்கும் முன்னால் அவர் முதுகு இருந்தது.

"எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

என்ன பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். நீ இல்லாமல் நல்லாவே இல்லை என்று சொல்வார். கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி போகிறது என்று எழுந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"சோக்கா இருந்துச்சுமே," என்றார்.

பொய் சொல்லிவிட்டுப் போனதற்காகப் பதினாறு நாள் வயிறெரிந்தவள் நான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பொய் சொல்லியிருக்கலாம்.