நிற்கும் வண்டியின் கோடு

அன்னபாக்கியம் அக்கா காய்ச்சலில் இறந்துபோனதை நாங்குநேரியிலிருந்து அவர் தம்பி ஆள் அனுப்பிச் சொன்னார். பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் காலை ஜெபம் முடிந்திருந்தது. அக்கா கணக்குச் சொல்லித்தந்த அறையில் இப்போது தையல் நடக்கிறது. அங்கே போய்ச் சொன்னேன். பாதிப் பிள்ளைகளுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரிடமும் பேசமாட்டேன். அக்காதான் தன் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். அன்று கட்டம் போட்ட தாளில் ஒரு மாட்டுவண்டியின் பயணத்தை வரைந்திருந்தார். கீழே நேரம், பக்கத்தில் தூரம். கோடு சாய்வாக ஏறி, நடுவில் படுத்து, மறுபடி ஏறியது. படுத்த இடத்தில் வண்டி என்ன செய்கிறது என்று கேட்டார். மேடு ஏறிய வண்டி சமதரையில் ஓடுகிறது என்றாள் ஒருத்தி. எல்லோரும் ஆமென்றார்கள்.

அக்கா அவளை எழுப்பி நிறுத்தினார்.

"ஏட்டி, இப்ப நீ எங்க போற?"

"எங்கயும் போகலம்மா. நிக்கேன்."

"கடியாரம் நிக்குதா?"

"இல்ல, ஓடுது."

"அதாம்ளா அந்தக் கோடு. வண்டிக்காரன் மாட்ட அவுத்துவிட்டுட்டுச் சோறு திங்கான்."

பெண்களுக்குக் கோடும் கோணமும் வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தபோது அக்கா நேரில் போனார். நானும் கூட நின்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு நேர்கோடு எதுக்கும்மா, சட்ட தைக்கவா?" என்றார் ஒரு பெரியவர். "கோணலாத் தச்சா நீங்க போடுவியளா, அண்ணாச்சி?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வகுப்பை மூடினார்கள். கட்டத்தாள்கள் தையல் வகுப்புக்குப் பூவேலை மாதிரிகள் வரையப் போயின. அக்கா வேலையை விட்டுத் தம்பி வீட்டுக்குப் போனார்.

படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். வகுப்பு திரும்ப வருமா என்று கேட்டார். முயற்சி நடக்கிறது என்றேன்.

"யாரு செய்யுதா?"

போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"ஒனக்குப் பொய் சொல்ல வரலளா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடக்கத்தில், அவர் இளைப்பாறுகிறார் என்று பிரசங்கம் செய்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். கரும்பலகையில் அளவுகோல் இல்லாமல் கோடு இழுக்கும்போது, சாக்கட்டியைப் பார்க்காமல் போய்ச்சேர வேண்டிய புள்ளியையே பார்க்கச் சொல்வார். இன்று சின்னப் பிள்ளைகளின் கூட்டல் கணக்குக்கு அடியில் அப்படி ஒரு கோடு இழுத்தேன். நேராகத்தான் வந்தது. அதற்கு மேல் இந்தப் பள்ளியில் நேர்கோட்டுக்கு வேலையில்லை.