கவருக்குள் ஓர் எண்

"முதல்ல கவரைப் பிரி. ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம்," என்றாள் அம்மா.

சமையலறை மேசையில் மகள் கவரைப் பிரித்தாள். உள்ளே பென்சிலில் 52. ரத்தம் கொடுக்கப் போகுமுன் தன் சி3 எவ்வளவு வரும் என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டிவைப்பது அம்மாவின் பதினோரு வருடப் பழக்கம். அம்மாவுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்; அது கிளம்பினால் ரத்தத்தில் சி3 என்ற அந்தப் புரதம் குறையும். ரிப்போர்ட் எண்ணைக் கவரின் மேல் பேனாவால் எழுதுவது மகளின் வேலை. இரண்டுக்கும் ஐந்தாறுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வெயில் பட்டால் தோல் தடிக்கும். அதனால் முழங்கைவரை கையுறை, அகலத் தொப்பி. "கிளட்ச்சைப் பூ மாதிரி விடுப்பா, கல்லைப் போடுற மாதிரி போடாதே." மீட்டரைப் பார்த்து கியர் மாற்றுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "முள்ளு சொல்றதுக்கு முன்னாடியே வண்டி சொல்லும். காதைக் குடு." தனக்கும் அதே வழிதான். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம், மோதிரம் சுழல்கிறதா, இதிலிருந்து எண் வரும்.

மகளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அன்று ரிப்போர்ட் 94 என்றது; தொண்ணூறுக்கு மேல் என்றால் சரியான அளவு.

"தோத்துட்டியேம்மா! மொத்தமா கோட்டை விட்டுட்டே."

"உன் மெஷின் தூங்கியிருக்கும்டி."

"என் மெஷின் தூங்காது. உன் மோதிரம்தான் தூங்கிடுச்சு."

அம்மா சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. இரண்டு நாளாக அந்த இருமல். "நம்பர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்லை."

உடம்பில் தொற்று இருந்தால் சி3 ஏறும். லூபஸ் தின்ற பள்ளத்தை அது மூடிவிடும். மகள் படித்த பாடம் இது. அன்று நினைவுக்கு வரவில்லை. அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தால் போதும் என்று சொன்னதும் அவள்தான்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் அம்மா இல்லை. தொற்று, லூபஸ் இரண்டும் சேர்ந்து அடித்துவிட்டன என்றார் டாக்டர்.

காரைக் காலி செய்யும்போது, வெயில் மறைப்பின் பின்னால் ஒரு பரிசோதனைச் சீட்டு இருந்தது. 52 எழுதிய கவரைப் பிரித்ததிலிருந்து மூன்றாம் நாள் தேதி. மகளிடம் சொல்லாமல் அம்மாவே டாக்டரிடம் கேட்டு வாங்கியது. பின்புறம் பென்சிலில்: 'வண்டி கத்துக்கிற பையனுக்கு இன்னைக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாளைக்குப் போகணும்.'

அந்த ரத்தத்தை அம்மா கொடுக்கவே இல்லை. சீட்டோடு, வாய் ஒட்டிய கவர் ஒன்று.

மகள் அதைப் பிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, கவரின் மேல் தேதியை எழுதினாள். எண்ணுக்கு இடம் விட்டாள்.